ஐம்பத்தாறுக்குப் பின்

டியூப் லைட்டை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.
செங்கோட்டை ஸ்டேஷன் பக்கம் கடை,
மேற்கே பார்த்து ஒரே ஜன்னல்.
நாலு மணி வெயில் அதில் இறங்கும்.

ஆரியங்காவிலிருந்து பஸ்ஸில் வந்தாள் சூசன்னா.
ஹார்லிக்ஸ் மூடிக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் ஒரு ப்ரூச்.
பதினோரு கல். பன்னிரண்டாவது விழுந்து
பிடித்திருந்த நகங்கள் மட்டும் நிற்கின்றன.
"அப்பச்சன் அம்மச்சிக்கு வாங்கினதாம்,
கல்யாணத்துக்கு. ஐம்பத்தொண்ணு."
விலை கேட்கவில்லை.
வருஷம் சரியா என்றாள்.

கண்ணாடிதான்.
கண்ணாடிக்குத் தன் வயது தெரியாது,
மேலே பூசியதற்குத் தெரியும்.
நேரே பிடித்தால் தண்ணீர்.
ஒரு நூல் சாய்த்தால்
பெட்ரோல் பங்கில் மழை தேங்கிய நிறங்கள்,
ஊதா ஓடி, பச்சை துரத்தி.
உலோகத்தை ஆவியாக்கி ஏற்றிய தோல் அது.
முந்தைய கற்களில் வெள்ளை உண்டு, சிவப்பு உண்டு,
இந்தத் தடுமாற்றம் கிடையாது.
இது சந்தைக்கு வந்ததே ஐம்பத்தாறு வாக்கில்.

அதே வருஷம் நவம்பர் ஒன்று
இந்த ஊரையும் யாரோ சாய்த்துப் பிடித்தார்கள்.
முந்தின ராத்திரி திருவிதாங்கூர்-கொச்சி,
விடிந்தால் மதராஸ்.
வளைவில் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது,
சுரண்ட யாருக்கும் நேரமில்லை.

பிற்பாடு ஏற்றிய பூச்சோ என்று லென்ஸ் வைத்தேன்.
இல்லை. விளிம்புகளில் தேய்மானம்,
செருப்புக் குதிகால் போல ஒரே பக்கமாக,
கவணித் துணி உரசும் பக்கம்.
நிறைய ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஐம்பத்தொண்ணு இல்லை" என்றேன். "ஆறுக்குப் பின்."

"அப்பச்சன் நாலில் போயாச்சு" என்றாள்.
"தடி டிப்போவில், லாரியிலிருந்து தேக்கு உருண்டு."

லென்ஸைத் துடைத்தேன்.
துடைக்க ஒன்றும் இல்லை.
"யார் கொடுத்தது என்று கல் சொல்லாது" என்றேன்,
பெரிய மனுஷன் போல.

சிரித்துவிட்டாள்.
"யாராவது கொடுக்கணுமா?
அம்மச்சிக்குக் கொல்லத்தில் முந்திரி ஆபீஸில் வேலை.
சனிக்கிழமை கூலி. விரலெல்லாம் கறுப்பு."

தாலி கழற்றியவளுக்கு மினுக்கம் எதற்கென்று
கேட்க ஆளிருந்த காலம்.
அதனால்தான் கல்யாணத்துக்கு என்று சொல்லிவைத்தாள்.
அதனால்தான் இந்தக் கல்.
பள்ளியில் பின் வரிசைக்கு அது வெறும் வெள்ளை,
அச்சனுக்கும் வெள்ளை.
முழங்காலிட்டு எழும்போது
தோள் சரிகிற அந்த ஒரு கணம்,
குனிந்து பார்த்தால் மட்டும்,
குனிந்தவளுக்கு மட்டும்.

விழுந்த கல்லுக்கு வேறு போடவா என்றேன்.
டப்பாவில் உண்டு, எண்பதில் வந்தது, நல்ல மினுக்கம்.
"வேண்டாம். வருஷம் கலங்கிரும்."

ரசீது கேட்டாள்.
அவளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது.
எண்ணில் எழுதினேன், 1956,
பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி.
அதை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு
மூடிக்குள் மடித்து வைத்தாள்.