இல்லாத மாடி

புதுவயலில் வீடு வாங்கினோம் என்றதும்
"செட்டிநாட்டு வீடா!" என்று கண் விரிகிறது எல்லாருக்கும்.
பர்மா தேக்கு இல்லை. பளிங்கும் இல்லை.
அரிசி ஆலைக்குப் பின்சந்தில்
ஆயிரத்து நூறு சதுர அடி,
விழுந்த சன்னல் இரண்டு, விழப்போவது மூன்று,
மேலே ஒரு மாடி.

அந்த மாடி இல்லை.

வங்கியில் அப்படித்தான் சொன்னார்கள்.
எண்பத்தாறில் ஒப்புதலான வரைபடத்தில்
தரைத்தளம் மட்டும்.
மதிப்பீட்டாளர் படியேறிப் போனார்,
சுவரைத் தட்டினார், மின்விசிறியைச் சுற்றவிட்டு
அதன் கீழே கொஞ்சம் வியர்வை ஆற்றிக்கொண்டார்,
இறங்கி வந்து எழுதினார்:
மேல்தளம், பூஜ்யம்.
கடனில் நான்கு லட்சம் குறைந்தது.

விற்றவர் மெய்யம்மை ஆச்சி ஈப்போவிலிருந்து பேசினார்.
"மாடிக்கு நான் வெலயே போடலயே!"
காய்கறிக்காரர் கறிவேப்பிலை கிள்ளிப் போடுவதுபோல
ஒரு தளத்தைக் கிள்ளிப் போட்டார்.
என் வளையல் ஆறும் அடகுக்கடைக்குப் போயின.
பத்திரத்தில் நான்கெல்லை எழுதினார்கள்.
கிழக்கே முத்துராக்கு மனை, வடக்கே பொதுச்சந்து,
தெற்கே, மேற்கே ஆலைக்குச் சொந்தமான காலியிடம்.
மேலே என்ன என்று யாரும் எழுதுவதில்லை.

ஐப்பசி முதல் மழைக்கு
இல்லாத மாடி ஒழுகியது
இருக்கிற அடுப்படியில்.
இட்லிப் பானையை வைத்தேன், நிறைந்தது.
குக்கரை வைத்தேன்.

மழை விட்ட நாளில் சேவுகன் கொத்தனார்
வாசல் கதவைச் சுரண்டினார்.
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே காவி,
காவிக்குக் கீழே காகிதம்.
பாதி எழுத்து பெயிண்டோடு உரிந்துபோக
மீதி தெரிந்தது: பேரூராட்சி முத்திரை, தொண்ணூற்றேழு,
அனுமதியின்றி எழுப்பும்... உடனே நிறுத்துக...
ஏழு தினங்களுக்குள் விளக்கம்...

மூன்று தடவை வர்ணம் அடித்திருக்கிறார்கள்.
அதுதான் அவர்கள் கொடுத்த விளக்கம்.
வில்லங்கம் ஏதும் இல்லை என்ற சான்றிதழை
நாற்பது ஆண்டுக்குப் போட்டுப் பார்த்து
பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன் நான்.

"இதயும் தேச்சு விட்ரவா?"
சேவுகன் கையில் உப்புத்தாள்.
ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியது.
ஊதி முடிவதற்குள் "இருக்கட்டும்" என்றேன்.
ஏன் என்று என் வீட்டுக்காரர்
இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சர்வேயர் ஜெபமாலை நாடாவை இழுத்தார்.
மாடிப்படியின் வெளிச்சுவர்
ஓரடி இரண்டங்குலம் சந்துக்குள் நிற்கிறது.
அந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் தேய்ந்து
செங்கல் வழவழவென்றிருக்கிறது,
இருபத்தெட்டு வருடமாக சைக்கிள் கைப்பிடிகள்
உரசிப் போன உயரத்தில்.
முத்துராக்கு மதில்மேல் தலையை நீட்டினார்:
"இடிக்கிறதுன்னா சொல்லிட்டு இடிங்க,
எங்க கக்கூஸ் கூரை அதுலதான் ஏறி நிக்கிது."

மனு எழுதினேன். இணைப்பு எட்டு.
எட்டாவது இணைப்பு
ஏழாவது இணைப்பு ஏன் இல்லை என்பதற்கான கடிதம்.

மார்கழியில் ஆய்வுக்கு வந்தவர் பெயர் வில்வநாதன்.
கக்கத்தில் கோப்போடு ஏறினார்.
மேல்படியில் நின்றார்.
உள்ளே சுருட்டாத பாய், மகளின் கணக்கு நோட்டு,
உமிச்சாம்பல் படிந்த சன்னல் கம்பி.
குனிந்து, செருப்பைக் கழற்றி, ஓரமாகத் தள்ளிவிட்டு
இல்லாத அறைக்குள் போனார்.

அளந்தார். எழுதினார்.
எழுதியதைக் காட்டவில்லை.
"ஏழு நாள்ல தெரிஞ்சிரும்மா."

இன்றைக்குப் பதினோராம் நாள்.
கிழக்கே இருட்டிக்கொண்டு வருகிறது.
சேவுகன் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு
கேட்கிறார், இறங்காமலே:
"மேல தட்டோடு பதிக்கவா, வேணாமா?
எழுநூறு ஓடு புடிக்கும்."

பதிங்க என்றேன்.
பில் போட்டு வாங்குங்க.
பில்லில் மாடிக்கு என்று எழுதச் சொல்லுங்க.