படகு ஓடாத நாள்

"பலத்த காற்று: துறைமுகம் மூடல்"
முதல் பக்கம், கொட்டை எழுத்து.
விடிகாலை நாலரைக்கே சொல்லிவிட்டது
என் சீட்டுக்கூண்டின் தகரக் கூரை.
பத்திரிகைதான் தாமதம்.

புந்தா அரேனாஸில் இன்று
யாரும் எங்கும் போகப்போவதில்லை.
வேலை இல்லை, சம்பளம் உண்டு.
காலடியில் ஹீட்டர், ஃபிளாஸ்க்கில் காப்பி.
பிரிக்கிறேன்.

"ரொட்டி விலை மீண்டும் உயர்வு."
யெர்கோவின் முகம் நினைவுக்கு வருகிறது.
விலை சொல்லும்போது தராசைத்தான் பார்ப்பான்,
என்னைப் பார்க்கமாட்டான்.
வெட்கப்படுகிறவனிடம் எப்படிப் பேரம் பேசுவது?

"அச்சப்பட ஒன்றுமில்லை: அமைச்சர்."
எதைப் பற்றி என்று படிப்பதற்குள்
எழுந்துபோய்
கேஸ் குழாயை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"கண்ணாடி மழை பெய்யும் கோள் கண்டுபிடிப்பு."
பக்கவாட்டில் பெய்யுமாம்.
இங்கே பனியும் அப்படித்தான் பெய்கிறது, யாரும் வியக்கவில்லை.
எவ்வளவு தூரம் என்று போட்டிருக்கிறார்கள்.
போக வர எவ்வளவு என்று போடவில்லை.

"கரை ஒதுங்கிய திமிங்கலம்: மக்கள் திரண்டனர்."
படத்தில் பதினோரு பேர்.
பத்துப் பேர் காமிராவைப் பார்க்கிறார்கள்.
ஓரத்தில் ஒரு சிறுமி
ஒரு கையுறையை மட்டும் கழற்றியிருக்கிறாள்.
நானும் கழற்றியிருப்பேன்.

"உள்ளூர் அணி மூன்று கோல் வித்தியாசத்தில் தோல்வி."
கோல்கீப்பர் என் தங்கை மகன்.
இந்தச் செய்தியை நான் படிக்கவில்லை.

ஏழாம் பக்கம், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே
நாலே வரி:
"திருத்தம். குண்டுவீச்சில் இறந்தோர் 41 என்று
நேற்று வெளியானது. 14 என்று வாசிக்கவும்.
பிழைக்கு வருந்துகிறோம்."

நேற்று அந்த நாற்பத்தோரு பேருக்காக
காப்பியை ஆறவிட்டவள் நான்.
இன்று இருபத்தேழு பேர்
எழுந்து, தூசி தட்டி, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
பிழையில் செத்தவர்கள்,
பிழை என்று சொன்னதும் பிழைத்தவர்கள்.
அதற்குப்போய் வருந்துகிறதாம் பத்திரிகை.
சிரித்தேன், சத்தமாகவே.
பிறகு அந்தப் பதினாலைப் பார்த்தேன்.
அதைத் திருப்பிப் போட்டால்
மறுபடி நாற்பத்தொன்றுதான் வருகிறது.

ஜன்னல் இடுக்கில் காற்று ஊளையிட்டது.
அமைச்சரை நாலாக மடித்துச் செருகினேன்.
கொஞ்சம் அடங்கியது.
பிறகு அவர் வழியாகவே ஊளையிட்டது.

"காலமானார்: தொன் அமாதோர் கொவாசிச்,
வயது எண்பத்தெட்டு, கம்பளி வியாபாரி."

வியாழன்தோறும் போர்வெனீருக்கு ஒரு சீட்டு.
ஜன்னலோரம் வேண்டும் என்பார்.
இந்தப் படகில் இட எண் கிடையாது என்று
ஒன்பது வருடம் சொன்னேன்.
"நீ எழுதிக் கொடு பெண்ணே."
எழுதிக் கொடுப்பேன், சீட்டின் பின்பக்கத்தில்: ஜன்னல்.
பரிசோதகரிடம் அதைக் காட்டித்தான் உட்காருவாராம்.

மனைவி, மூன்று மகன்கள், பேரர்கள் பெயர்
எல்லாம் போட்டிருக்கிறது.
வியாழக்கிழமை போடவில்லை.
நீரிணைக்கு அக்கரையில்
பச்சைத் தகர வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.
ஒரே ஒருமுறை இந்தக் கரைக்கு வந்தாள்,
பல் வைத்தியரைப் பார்க்க.
திரும்பும்போது சீட்டை நீட்டி
"எனக்கும் எழுதிக் கொடேன்" என்றாள்.
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கரைக்குப் பத்திரிகையும்
இதே படகில்தான் போகும்.
கட்டு கட்டாய் என் காலருகே கிடக்கிறது,
கயிறுகூட அவிழ்க்காமல்.
நாளை வியாழன்.

வெங்காய லாரிக்காரன் ரெமிஹியோ
கண்ணாடியைத் தட்டுகிறான்.
"பேப்பரில் என்ன விசேஷம்?"

"காற்று" என்றேன்.
"நாளைக்கு?"
"நாளைக்கும் அடிக்கட்டும்."

பைத்தியமா என்பதுபோல் பார்த்துவிட்டு
தொப்பியைப் பிடித்துக்கொண்டு போனான்.