முப்பத்தொன்பதாவது வண்டி

ஜீரோ கேட்டுக்கு நான் முப்பத்தொன்பதாவது.
முன்னால் முப்பத்தெட்டுப் பெட்டிகள்.
மணலியில் நேற்று மத்தியானம் ஏற்றியது.
உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது,
சீல் போட்டதைக் கேட்கிற வழக்கமில்லை.

போன மாசம் தாடை பூட்டிக்கொண்டது.
சாவித்துவாரத்தில் திணிக்கிற மாதிரி
இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றேன்.
ஸ்டான்லியில் படம் எடுத்துப் பார்த்து
எலும்பு நல்லாருக்கு என்றார்கள்,
பதினேழாம் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே ஷமீனா என்றொரு பெண்.
பேச்சு திக்குகிற பிள்ளைகளுக்கு நடுவில்
குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள்.
'பல்லோடு பல் படக்கூடாது.
உதட்டை மட்டும் மூடி
ம்ம்ம் சொல்லுங்க.'
ம் என்றேன்.
'அது முதலாளிக்குச் சொல்றது.
இதை உங்களுக்குச் சொல்லுங்க.'

உண்மைதான்.
ஃபைனான்ஸ்காரனுக்கு ம்,
இன்னொரு ட்ரிப் அடிக்கிறியா என்றால் ம்,
மச்சான் நகையைக் கேட்டபோதும்
ஒரு ம் கொட்டித்தான் வைத்தேன்.
அவ்வளவும் தாடையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எட்டாவதோடு நின்றவனுக்கு
மெல்லினம் ஆறும் எப்படியோ தங்கிவிட்டன.
புள்ளி வைத்த எழுத்துக்கு
மெய் என்று ஏன் பேர் வந்ததென
வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு
எண்ணூர் ரோட்டில் நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை?
இழுத்துப் பார்க்கிறேன்.

ங் அடித்தொண்டையில்,
காலி டீசல் டேங்கைத் தட்டினதுபோல.
ண் சொல்ல நாக்கை மடித்தால்
மண்டைக்குள் ஒரு வண்டு.
ம் முதலில் உதட்டைக் கூசவைக்கிறது,
அப்புறம் மூக்குத்தண்டு, கன்னம்,
காதோரம் அந்தக் கெட்டித்த முடிச்சு.
நெஞ்சில் கை வைத்தால் அங்கேயும் இருக்கிறது.
வலது தோளுக்கு மட்டும் போகவில்லை.
அது கியருக்கு எழுதிக்கொடுத்த தோள்.

நின்று ஓடுகிற எஞ்சினுக்கும் ஒரு சுதி உண்டு.
மயிரிழை தப்பினால்
ரெண்டும் உரசி ஊஞ்சலாடும்.
சரியாய்ச் சேர்ந்த நிமிஷத்தில்
எது வண்டி எது நான் என்று
சீட்டுக்கே தெரியாது.
டீசலை நினைத்துச் சாவியைத் திருப்பினேன்.
நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன்.
இடப்பக்கம் கருங்கல்லில் கடல்.

கதவைத் தட்டுகிறான் பின்வண்டி வெங்கடரமணா,
நாயுடுபேட்டைக்காரன்.
'ஏர் லீக் ஆகுது அண்ணா, சத்தம் கேக்குது.'
நான்தான் என்கிறேன். வாய் என்கிறேன்.
என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.
சந்தேகம் தீராமல்
எல்லா டயரையும் கம்பியால் தட்டிவிட்டுத்தான் போகிறான்.

அவன் போனதும் வந்தது
ஒரு கொட்டாவி.
பெரிசு. கண்ணில் தண்ணி முட்ட.
மூன்று விரல் நெட்டுக்குத்தாய் நுழையணும் என்றாள் ஷமீனா.
வாயை மூடாமலே வைத்துப் பார்த்தேன்.
ரெண்டு நுழைந்தது.
மூன்றாவது, நகம் வரைக்கும்.

முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைகிறது.
விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
முதல் கியர் போடுகிறேன்.