எலுமிச்சைச் சோப்பு

காலிசியாக் கடலோரம். மத்தி மீன் டப்பா ஆலை.
பதினொரு ஆண்டாகக் கூலி ஏறவில்லை.
பதினொரு ஆண்டும் ஒருவர் வாய் திறக்கவில்லை.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
நூற்று நாற்பது பெண்கள்
கத்திகளைக் கழுவி அடுக்கிவிட்டு
வாசலுக்கு வந்து நின்றார்கள்.

ஏனென்று கேட்க
ஒலிப்பதிவுக் கருவியோடு நான் போனேன்.

மனக்குறை, என்கிறது என் முதல் அத்தியாயம்.
குறை எப்போதும்தான் இருந்தது,
கூரையில் ஈரம் இருப்பதுபோல.

வளம் வேண்டும், என்கிறது இரண்டாவது.
சரிதான். மாதா கோயிலில் ஒரு பாடற்குழு,
ஒத்திகை அறையின் சாவி சபேலாவின் இடுப்பில்.
சாவு சொல்ல வைத்திருந்த தொலைபேசிப் பட்டியல்
அன்றிரவு வேறு சேதி சொன்னது.

வாய்ப்பு, என்கிறது மூன்றாவது.
முதலாளியின் மகன்கள் இருவரும்
நீதிமன்றத்தில் முட்டிக்கொண்ட மாதம் அது.
மேலே விரிசல் விழுந்தால்தான்
கீழே கடப்பாரை நினைவுக்கு வரும்.

எலாதியா எதையும் மறுக்கவில்லை.
வறுத்த மிளகாய்த் தட்டை என் பக்கம் தள்ளிச் சொன்னாள்:

"சோப்பை நிறுத்தினார்கள்.
கை கழுவுமிடத்தில் இருந்த எலுமிச்சைச் சோப்பு.
செலவு மிச்சமாம்.
அன்று மாலை பேருந்தில்
வேறு ஷிப்ட்காரி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்த பையன்
எழுந்து வேறு இருக்கைக்குப் போனான்.
எனக்கு அவள் பேர்கூடத் தெரியாது.
என் கையை முகர்ந்து பார்த்தேன்.
முன்னிருக்கையில் இன்னொருத்தி முகர்ந்தாள்.
நிமிர்ந்தபோது
எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம்."

கருவியை அணைத்தேன்.
நான்காவது அத்தியாயத்துக்கு
இன்னும் தலைப்பு வைக்கவில்லை.

விடைபெறக் கை குலுக்கினோம்.
ரயிலில், யாரும் பார்க்காதபோது,
உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனேன்.