பக்கத்துக்கு ஒரு வெள்ளி

ஆறாம் ஆண்டு துர்கேஷ்
ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு
பென்சிலில் எழுதிய ஒன்பது தாளை நீட்டினான்.
வெள்ளிக்கிழமைக்குள் தட்டச்சு, வண்ண அட்டை, சுருள் கட்டு.
பீடோங்கில் இந்த வேலைக்கு என் கடைதான்,
செம்பனை லாரி போகும்போதெல்லாம்
கணினித் திரை ஒருமுறை நடுங்கும் கடை.

தலைப்பு: பண்டைய அரசன் ஒருவனின் ஆட்சி.
சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்களாம்.
பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அணை கட்டிய ராஜா.
இவனுக்கு இவன்.

நான்காம் பக்கம்வரை நல்லவன்தான்.
கால்வாய் வெட்டினான், நாணயம் அடித்தான்,
பஞ்சத்தில் களஞ்சியம் திறந்தான்.
ஐந்தில் கையெழுத்து சிறுத்தது.
ஆறில் எறும்பளவு:
தம்பி மனைவியை அரண்மனைக்கு அழைத்ததும்
பணிப்பெண் உடையில் இரவுச் சந்தைக்குப் போனதும்
குளியல் தொட்டியில் மது நிரப்பியதும்
தளபதி வீட்டில் இல்லாத மாதங்களில்
தளபதி வீட்டில் அவன் இருந்ததும்.
அதற்குமேல் மூன்று புள்ளி.

"இதையும் அடிக்கணுமா?"
"டீச்சர் முழுசா எழுதச் சொன்னாங்கக்கா."
"அம்மா பாத்தாங்களா?"
"அம்மாதான் புள்ளி வைக்கச் சொன்னாங்க."

முதலில் நாகரிகமாக்கிப் பார்த்தேன்.
'தளபதிகளின் குடும்பங்களோடு நெருங்கிப் பழகினான்.'
படித்தால் தேர்தலில் நிற்பவன் மாதிரி இருந்தான்.
அழித்தும் பார்த்தேன்.
நான்காம் பக்கத்தில் களஞ்சியம் திறந்தவனை
ஏழாம் பக்கத்தில் சொந்தக் காவலர்களே ஏன் குத்தினார்கள்
என்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

தே ஓ ஆறிப்போனது.
கடைசித் தாளின் அடியில், எறும்பளவு இல்லாமல்,
பையன் ஒரு வரி எழுதியிருந்தான்:
இதையெல்லாம் முதலில் எழுதி வைத்தவர்
அடுத்த அரசனிடம் சம்பளம் வாங்கியவர்.

சுவருக்கு அந்தப் பக்கம்
புஷ்பலீலாவின் சலவை இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.
மூன்று வருடமாக என் சரித்திரம் அங்கேதான் துவைபடுகிறது.
புருஷனை விட்டு வந்தவள்.
ராத்திரி பதினொன்றுக்கும் கடையில் விளக்கு.
காகிதப் பெட்டி இறக்க வரும் ஆ ஹெங்குக்கு
இங்கே என்ன அவ்வளவு நேர வேலை.
அச்சு இயந்திரம் சிக்கினால் எடுத்துக் கொடுப்பான்.
அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த இரண்டெழுத்து விரலுக்கு வந்தது.
அழைத்தானாம். போனானாம்.
நிரப்பினானாம். இருந்தானாம்.
எதையும் மறைக்கவில்லை, எதற்கும்
நான் சாட்சிக் கூண்டில் ஏறவும் இல்லை.
மூன்று புள்ளியை மட்டும் தொடவில்லை,
அது அவன் அம்மாவுடையது.

செவ்வாய்க்கிழமை கோப்பு திரும்பி வந்தது.
பத்தொன்பது 'ஆம்'.
பத்தொன்பதையும் வட்டமிட்டு, ஓரம் முழுக்கச்
சிவப்பு மையில் ஒரே கேள்வி:
யார் சொன்னது? யார் சொன்னது?
துர்கேஷ் அழப்போகிற மூக்கோடு நின்றான்.
திருமதி கோமளவல்லியை நான் பார்த்ததில்லை.
அந்தச் சிவப்பு வரியைக் கத்தரித்து
சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டிவிட்டு வரலாம் போலிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
'ஆம்' இருந்த இடத்திலெல்லாம்
அந்தச் சம்பளக்காரர் பெயர்,
அவர் யாரிடம் வாங்கினார், எந்த வருடம் எழுதினார்,
அரசன் செத்து எத்தனை வருடம் கழித்து.
இரண்டு பக்கம் கூடியது.

"ராஜா நெசமாவே அப்படியாக்கா?"
"இருந்திருக்கலாம்," என்றேன்.
அவனுக்கு அது போதவில்லை.
எனக்கும்தான்.

இரண்டு வெள்ளியை இருபது காசுகளாக எண்ணி வைத்தான்.
வாசலில் ஆ ஹெங்கின் வேன் வந்து நின்றது.
பக்கத்துக் கடையில்
துணி இன்னும் பிழியப்படாமலே
இயந்திரம் நின்றது, கேட்பதற்கு.