பத்தொன்பதாவது வரி

கேள்வித்தாளில் பதினெட்டுக் கேள்விகள்.
உட்துறைமுக வீதிக் கட்டடத்தின் மேல்மாடியில்
காற்றாடி ஒவ்வொரு தாளையும்
ஒருமுறை தூக்கிப் பார்த்தது.

கச்சேரி எழுதுவினைஞர் குகராசா சொன்னார்:
மூதூரை மூண்டு விதமாய் எழுதி வைச்சிருக்கினம்.
எப்படித் தட்டினாலும் ஒரே ஊர் வரவேணும்.
குறித்தேன். முன்னுரிமை: உயர்.

கிண்ணியா மீனவர் சங்கத்து நளீமுக்கு
கடல் கொண்டுபோன பதிவேட்டுக்கும் ஓர் இலக்கம் வேணும்,
இல்லை என்று காட்டவாவது.
வெற்றுக் கோப்பை எங்கள் மென்பொருள் ஏற்காது.
அதையும் குறித்தேன்.

தேநீர் நேரத்தில் யன்னலால் பறந்த இரண்டு தாள்களை
பஸ் நிலையத்து மான் ஒன்று
மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

கடைசியாகச் சம்பூர்ப் பெண்ணொருவர்.
பெயர் எழுதவேண்டாம் என்றார்.
பதினெட்டுக்கும் ‘பரவாயில்லை’.
பையைத் தோளில் கொழுவிய பிறகுதான் கேட்டார்:
நான் ஆரைத் தேடினனான் எண்டு
உங்கட பெட்டி ஞாபகம் வைச்சிருக்குமோ?

வைத்திருக்கும்.
அதைத்தான் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் என்று
முதல் பக்கத்திலேயே
பெருமையாய்ப் போட்டிருந்தோம்.

அடியில் கையால் ஒரு வரி சேர்த்தேன்:
மறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரவு தட்டச்சிட்டபோது
கோரியவர் பெயர் இல்லாமல்
படிவம் சேமிக்க மறுத்தது.
என் பெயரைப் போட்டேன்.