ஒரே கயிறு

டாக்டர் படித்து முடித்த சீமைப் பத்திரிகையைக்
கொயினாப் பொட்டலத்துக்குக் கிழிப்பது
பாலக்கோடு போர்டு ஆஸ்பத்திரியில்
கம்பவுண்டர் என் வேலை.
அன்றைக்குக் கிழிக்கவில்லை.

படத்தில் ஒரு விளக்கு.
சுற்றி, சட்டையில்லாமல், பன்னிரண்டு பிள்ளைகள்.
எல்லோர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி.
கால் வளைந்த பிள்ளைகளுக்கு அங்கே
முனிசிபாலிடி வெயில் கொடுக்கிறதாம்,
பாலும் கொடுக்கிறதாம், காசில்லாமல்.

வராந்தாவில் காலை நீட்டியிருந்த கெம்பன்
எட்டிப் பார்த்தான்.
"வெயிலுக்கா பஞ்சம்?
சித்திரையில ஒரு வண்டி ஏத்தி விடுறேன்.
வாடகை மட்டும் அவங்க குடுக்கட்டும்."

அவன் கணுக்காலில் நரம்புச் சிலந்தி.
தீக்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன்,
நாளைக்கு ஒரு விரற்கடை.
அவசரப்பட்டால் அறுந்துவிடும்.
அறுந்தால் கால் வீங்கி
ராகி அறுப்புக்கு எழமாட்டான்.
பதினோரு நாளாய் அவன் களியுருண்டை
எங்கள் தூணடியில்தான் ஆறுகிறது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஞானமுத்து
சைக்கிளில் நாகனஅள்ளி போய் வந்து சொன்னார்:
படிக்கிணறு.
இறங்கி நிற்பவன் புண்ணிலிருந்து தண்ணீருக்கு,
தண்ணீரிலிருந்து குடிப்பவன் காலுக்கு.
படியை அடைக்க வேண்டும், கப்பி போட வேண்டும்.

போர்டு பணம் கொடுத்தது.
(எனக்கே ஆச்சரியம்.)
ஆவணியில் கப்பி வந்தது,
கூடவே ஒரு தகரப் பலகை:
எல்லோருக்கும் பொது.

படி இருந்த காலத்தில்
மேற்கே நாலு படி
கெம்பன் தெருவுக்கு என்று விட்டிருந்தார்கள்.
கப்பிக்கு ஒரே கயிறு.
ஊர்க்கை பட்ட கயிற்றில்
அவர்கள் கை படக்கூடாது.
பலகையை யாரும் கழற்றவில்லை.
எழுத்து நன்றாயிருக்கிறதென்று
துடைத்துக்கூட வைத்தார்கள்.
கெம்பன் தெரு
எருமைக் குட்டைக்குப் போனது.

அடுத்த வருஷம்
நாகனஅள்ளியில் சிலந்தி இல்லை என்று
சேலத்துக்கு ரிப்போர்ட்டு போனது.
நகல் எடுத்தவன் நான்.
தெருவை ஊர்க்கணக்கில் சேர்ப்பதா என்று
ஞானமுத்துவைக் கேட்க நினைத்தேன்,
மை காய்வதற்குள் தபால்காரன் வந்துவிட்டான்.

மறுவாரம் கெம்பன் வந்தான்.
இந்தமுறை இடது கால்.

"சாமி, அந்த வெளக்குப் படம் இருக்கா?"

கிழித்து
யார் காய்ச்சலுக்கோ மடித்துக் கொடுத்தாயிற்று.

"ஓரமா ஒரு புள்ள நின்னுச்சே,
அது எந்தத் தெரு?
அதுக்கும் வெயில் பட்டுச்சா?"

பட்டிருக்கும் என்றேன்.

தீக்குச்சி தேடினேன்.
பெட்டியில் ஒன்றுதான் இருந்தது,
நமுத்துப்போய்.
சுற்றுவதற்கு அது போதும்.